அச்சும் முத்திரையும்: நம் கையால் ஒரு வாழ்த்து மடல்



தீபாவளியும் பொங்கலும் நெருங்கும் வேளையில் உற்றார் உறவினருக்கு வாழ்த்து அனுப்புதல் நம்மவரின் நல்வழக்கம். முன்னாளில் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சிலும் கடைவாயில்களில் வாழ்த்து அட்டைகள் வரிசை வரிசையாகத் தொங்கும். குத்துவிளக்கும், கோலமும், கரும்பும், பொங்கற் பானையும் அவற்றில் ஒளிவிடும். இன்றோ கைத்தொலைபேசியில் ஒரு படம் வருகின்றது. நமக்கு வந்த படத்தையே நாம் நூறு பேருக்கு அனுப்புகின்றோம். அவர்களும் அவ்வாறே செய்கின்றனர். விரைவும் சிக்கனமும் நன்மைகளே. அவற்றை நாம் பழிக்கவில்லை. ஆயினும், அந்தப் படத்தில் அனுப்பியவரின் கை எங்கே உள்ளது என்று கேட்டால் விடை சொல்ல இயலாது.

கையால் செய்த வாழ்த்து மடலில் அந்தக் கை இருக்கின்றது. அதனைச் செய்யும் முறையையும், அதற்குத் துணைபுரியும் அச்சு, முத்திரை, கோலத்தாள் ஆகியவற்றின் இயல்பையும் இக்கட்டுரையில் கற்போம்.

வாழ்த்து மடல் பிறந்த கதை

1840ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு பென்னி விலையுள்ள அஞ்சல் தலை வெளிவந்தது. அதற்கு முன் கடிதக் கட்டணம் ஏழைகளுக்கு எட்டாததாக இருந்தது. அஞ்சல் மலிவானதும் கடிதங்கள் பெருகின. இச்சீர்திருத்தத்திற்கு உழைத்தவருள் ஒருவர் என்றி கோல் என்பவர். 1843ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் விழாவிற்குத் தம் நண்பர் அனைவருக்கும் தனித்தனியே கடிதம் எழுத அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. எனவே ஜான் ஹார்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு ஒரு படம் வரைவித்து அச்சிட்டு அனுப்பினார். எஞ்சியவற்றை அட்டை ஒன்று ஒரு ஷில்லிங் என விற்றார். அச்சிட்ட கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையின் தொடக்கம் இதுவே என்பர்.

பின்னர் இவ்வழக்கம் நாடெங்கும் பரவியது. தமிழகத்தில் பொங்கல் வாழ்த்து அட்டை தனிச்சிறப்புப் பெற்றது. நம் மலேசியத் திருநாட்டில் ஹரிராயா, சீனப் புத்தாண்டு, தீபாவளி, கிறிஸ்துமஸ் எனப் பல்லினத்தாரும் ஒருவருக்கொருவர் அட்டை அனுப்பி மகிழ்ந்தனர். நேரமின்மையால் பிறந்த அச்சு அட்டை அது. நாம் செய்யப்போவதோ நேரத்தைச் செலவிட்டுச் செய்யும் மடல்.

முத்திரை யாது? அச்சு யாது?

முத்திரை என்பது மையைத் தொட்டுத் தாளின்மேல் வடிவத்தைப் பதிப்பது. அச்சு என்பது தன் வடிவத்திற்கேற்பப் பொருளை வெட்டியோ, அழுத்தியோ, வார்த்தோ உருவாக்குவது. இவ்விரண்டும் நமக்குப் புதியன அல்ல.

வீட்டுச் சமையலறையை நோக்குங்கள். தீபாவளிக்கு முன் அம்மா அச்சு முறுக்கு சுடுகின்றார். பூவடிவ இரும்பைச் சூடான எண்ணெயில் வைத்தெடுத்து, மாவிலே தோய்த்து, மீண்டும் எண்ணெயில் இடுகின்றார். அச்சு எவ்வடிவமோ முறுக்கும் அவ்வடிவம். முறுக்கு உரலின் அடியிலுள்ள தட்டும் ஓர் அச்சே. நட்சத்திரத் துளையிட்ட தட்டைப் போட்டால் முள் முறுக்கு வரும். சிறு வட்டத் துளைகளையுடைய தட்டைப் போட்டால் ஓமப்பொடி வரும். மாவு ஒன்று, அச்சு வேறு.

பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயரே அச்சோடு தொடர்புடையது. 1881ஆம் ஆண்டில் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அழித்தன. அதன்பின் அத்தாப்பு வேய்ந்த குடிசைகளுக்கு மாற்றாகச் செங்கற் கட்டடங்கள் எழுப்பப்பட்டன. அவற்றிற்கு வேண்டிய செங்கல் சூளைகள் அமைந்த இடமே பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று. களிமண்ணை மரச்சட்டத்தில் அழுத்தி எடுத்தால் ஒரே அளவான செங்கல் கிடைக்கும். அச்சட்டமும் அச்சே. ஒரு நகரமே அச்சிலிருந்து எழுந்தது எனலாம்.

முத்திரையின் பழமையும் பெரிது. சேரருக்கு வில், சோழருக்குப் புலி, பாண்டியருக்கு மீன் என்பதை நீங்கள் அறிவீர்கள். கடாரத்து மன்னன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய புத்த விகாரத்திற்கு முதலாம் இராசராச சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக அளித்தான். அச்செய்தியைக் கூறும் செப்பேடுகளைக் கோத்த வளையத்தில் சோழரின் முத்திரை பதிந்துள்ளது. கடாரம் என்பது நம் கெடா மாநிலம். ஆக, ஆயிரமாண்டுக்கு முன்பே இந்நாட்டிற்கும் தமிழகத்திற்கும் இடையே இருந்த உறவுக்கு ஒரு முத்திரை சான்று பகர்கின்றது.

தமிழெழுத்தும் அச்சேறிய வரலாறு உடையது. 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்னும் சிறுநூல் தமிழ் எழுத்துகளில் அச்சிடப்பட்டது. இந்திய மொழி எழுத்தில் அச்சான முதல் நூல்களுள் அது தலையாயது. ஒவ்வோர் எழுத்தையும் உலோகத்தில் வார்த்து, வரிசையாகக் கோத்து, மை தடவி அழுத்தினர். நீங்கள் அழிப்பானில் ஓர் எழுத்தைச் செதுக்கிப் பதிக்கும்பொழுது அதே தொழிலைத்தான் சிறிய அளவில் செய்கின்றீர்கள்.

நம் மரத்தின் பால்

ரப்பர் முத்திரையைக் காணும்பொழுது தோட்டத்துப் பிள்ளைகள் பெருமை கொள்ள வேண்டும். 1770ஆம் ஆண்டில் ஜோசப் பிரிஸ்ட்லி என்னும் அறிவியலறிஞர், மரப்பாலினின்று கிடைத்த ஒரு பொருள் பென்சிற் கோட்டை அழிப்பதைக் குறிப்பிட்டார். தேய்த்து அழிக்க உதவியதால் அதற்கு ஆங்கிலத்தில் ரப்பர் என்னும் பெயர் வழங்கலாயிற்று. ஆயினும் அப்பொருள் வெயிலில் இளகியது. குளிரில் இறுகி வெடித்தது. 1839ஆம் ஆண்டில் சார்ல்ஸ் குட்இயர் என்பவர், ரப்பருடன் கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் அது உறுதியும் நெகிழ்வும் பெறுவதைக் கண்டறிந்தார். அதன்பின்னரே ரப்பரில் நுண்ணிய எழுத்துகளை வார்த்து முத்திரை செய்ய முடிந்தது. தாள் சற்று மேடுபள்ளமாக இருந்தாலும் ரப்பர் வளைந்து கொடுத்து மையைச் சீராகப் பதிக்கும். மரமும் இரும்பும் அவ்வாறு வளைந்து கொடுக்கமாட்டா.

பிரேசில் நாட்டிலிருந்து 1876ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட விதைகளினின்று முளைத்த கன்றுகள், 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுட் சில கோலாகங்சாரில் நடப்பட்டன. அதன்பின் எழுந்த தோட்டங்களில் நம் முன்னோர் விடியுமுன் எழுந்து, தலையில் விளக்குக் கட்டி, மரம் மரமாகப் பால் வெட்டினர். உலகெங்கும் அலுவலகங்களில் பதிந்த முத்திரைகளுள் எத்தனையோ அவர்கள் வெட்டிய பாலால் ஆனவை. ஆனால் அவர்களுட் பலர்க்குத் தம் பெயரை எழுதத் தெரியாது. சம்பள நாளன்று கட்டைவிரலை மையில் தோய்த்துக் கைநாட்டு வைத்தனர். உலகுக்கு முத்திரை தந்தவர்க்குத் தம் விரலே முத்திரையாயிற்று. இதனை மறவாதீர்கள். இக்கட்டுரையின் பிற்பகுதியில் இதற்குத் திரும்புவோம்.

வேண்டிய பொருள்கள்

ஏ4 அளவுள்ள மணிலா அட்டை அல்லது தடித்த தாள், கத்தரிக்கோல், அடிக்கோல், பென்சில், பழைய அழிப்பான், நீர்வண்ணம் அல்லது முத்திரை மை, பசை, பழைய நாட்காட்டித் தாள்கள். இவையே போதும். கடைகளில் ஒளி ஊடுருவும் நெகிழி முத்திரைகளும், எஃகினால் ஆன வெட்டச்சுகளும், அவற்றை உருளைகளுக்கிடையே செலுத்தி அழுத்தும் சிறு பொறிகளும் கிடைக்கின்றன. வசதியுள்ளவர் வாங்கலாம். இல்லாதவர் ஏங்க வேண்டா. அப்பொறி செய்யும் வேலை யாவற்றையும் கத்தரிக்கோலும் பொறுமையும் செய்துவிடும்.

ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீட்டர். அகலம் 210 மில்லிமீட்டர். நீளத்தின் நடுவே வெட்டினால் இரண்டு துண்டுகள். ஒவ்வொரு துண்டையும் நடுவே மடித்தால் இரண்டு மடல்கள் கிடைக்கும். மடிக்குமுன் தாளை நெடுக்கிலும் குறுக்கிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். ஒரு திசையில் எளிதாக வளையும். தாளின் நார்கள் அத்திசையில் அமைந்திருப்பதே காரணம். மடிப்பு அத்திசையில் அமைந்தால் தாள் வெடிக்காது. மடிப்புக் கோட்டை முதலில் அடிக்கோல் வைத்து மை தீர்ந்த பேனாவால் அழுத்திக் கீறிக்கொண்டால் மடிப்பு நேராக விழும்.

செய்முறைகள் ஐந்து

முதலாவது: காய்கறி முத்திரை. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் மலர் போன்ற வடிவம் தோன்றும். நட்சத்திரப் பழத்தை வெட்டினால் ஐந்து முனை விண்மீன். வாழைமட்டையை வெட்டினால் காற்றறைகள் நிறைந்த பிறைவடிவம். வெட்டிய முகத்தைத் துணியில் ஒற்றி ஈரத்தைப் போக்குக. இன்றேல் வண்ணம் நீர்த்துப் பரவும். ஒரு தட்டில் பஞ்சுறிஞ்சியை வைத்து அதில் வண்ணத்தை ஊற்றி, காயை மெல்ல ஒற்றி, தாளில் நேராக வைத்து அழுத்தி நேராகத் தூக்குக. அசைத்தால் உருவம் இரட்டிக்கும். முதற்பதிவை எப்பொழுதும் வேறு தாளில் சோதித்தறிக.

இரண்டாவது: அழிப்பான் முத்திரை. மெல்லிய தாளில் மென்மையான பென்சிலால் விளக்கையோ எழுத்தையோ அழுத்தமாக வரைக. அத்தாளைக் குப்புற அழிப்பானின்மேல் வைத்து நகத்தால் தேய்த்தால் படம் இடம் வலமாக மாறிப் படியும். அம்மாற்றம் வேண்டும். ஏனெனில் முத்திரையிடும்பொழுது அது மீண்டும் மாறி நேராகிவிடும். எழுத்தை நேராகவே செதுக்கினால் தாளில் தலைமாறித் தோன்றும். கோட்டைச் சுற்றியுள்ள பகுதியைச் செதுக்கி நீக்கினால் கோடு மேடாக நிற்கும். மேட்டில் மட்டுமே மை படும். கூரிய கத்தியைக் கையாளும் பணியைப் பெற்றோரோ ஆசிரியரோ செய்க. இக்காலத்து அழிப்பான்கள் பல நெகிழியால் ஆனவையாயினும் செதுக்குவதற்கு ஏற்றவையே.

மூன்றாவது: மடித்து வெட்டுதல். சதுரத் தாளை ஒருமுறை மடித்தால் இரண்டடுக்கு. இருமுறை மடித்தால் நான்கு. மும்முறை மடித்தால் எட்டு. மடிப்போரத்தில் ஓர் அரைவட்டத்தை வெட்டி விரித்தால் அது முழுவட்டமாகும், ஒன்று பலவாகும். கணக்குப் பாடத்தில் நீங்கள் கற்கும் சமச்சீர் இதுவே. வாசலில் பாட்டி இடும் கோலத்திலும் இதே இலக்கணத்தைக் காணலாம். இவ்வாறு வெட்டிய மெல்லிய வண்ணத்தாளை வெள்ளை மடலின்மேல் ஒட்டினால், விலை கொடுத்து வாங்கிய அச்சு வெட்டிய பூவுக்கு அது இளைத்ததன்று.

நான்காவது: கோலத்தாள். அகன்ற தட்டில் நீரூற்றி, எண்ணெய் வண்ணத்தில் சில துளிகளை அதன்மேல் விடுக. எண்ணெய் நீரினும் இலேசானது, நீரோடு கலவாது. ஆகவே வண்ணம் மிதக்கும். ஈர்க்குச்சியால் மெல்ல இழுத்தால் அலையலையாக வடிவம் எழும். தாளை அதன்மேல் ஒருகணம் பரப்பி எடுத்து உலர்த்துக. பளிங்குக் கல் போன்ற தாள் கிடைக்கும். ஒன்றைப் போல் மற்றொன்று ஒருபோதும் அமையாது. இத்தாளைக் கரையாகவோ, பானை வடிவில் வெட்டியோ மடலில் ஒட்டலாம். பசை வேண்டுமாயின் மரவள்ளிக்கிழங்கு மாவைத் தண்ணீரில் கரைத்துச் சிறுதீயில் கிண்டினால் கண்ணாடி போன்ற பசை கிடைக்கும்.

ஐந்தாவது: புடைப்பு. மணிலா அட்டையில் ஓர் இலையை வெட்டி நீக்குக. அந்தத் துளையட்டையை மடலின் முன்முகத்தில் பொருத்தி, மடலைத் திருப்பிச் சன்னல் ஒளியில் பிடித்தால் இலையின் எல்லை தெரியும். மழுங்கிய முனையால் எல்லையோரமாக மெல்லத் தேய்த்தால் முன்முகத்தில் இலை புடைத்து நிற்கும். இதற்கு மையே வேண்டா. கண்ணால் காணாதவரும் விரலால் காண்பர். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் தலைமையகம் பிரிக்பீல்ட்சில்தான் உள்ளது. லூயி பிரெயில் வகுத்த புள்ளியெழுத்தும் புடைப்பின் பயனே. பார்வை குன்றிய ஒரு முதியவருக்கு மடல் அனுப்ப விரும்பினால் புடைப்பு மடலையே அனுப்புங்கள்.

உள்ளே என்ன எழுதுவது?

முகப்பு எவ்வளவு அழகாயினும் உள்ளே வெறும் கையொப்பம் இருப்பின் மடல் நிறைவு பெறாது. "அன்புள்ள பாட்டி", "அன்புள்ள சின்னத்தா", "மதிப்பிற்குரிய மாமா" என உறவுமுறை சொல்லி விளியுங்கள். வாழ்த்தை ஒரு வரியில் எழுதுங்கள். அடுத்து, அவருக்கு மட்டுமே உரிய ஒரு செய்தியை எழுதுங்கள். "நீங்கள் நட்ட மாமரம் இவ்வாண்டு பூத்தது" என்னும் ஒரு வரி, அழகிய பத்து அடைமொழிகளினும் மேலானது. பிழையற எழுதுங்கள். ழகர ளகர லகரத்தில் ஐயம் வந்தால் ஆசிரியரைக் கேளுங்கள். ஓர் ஆண்டில் எழுதும் நான்கு மடல்கள், நாற்பது பக்கப் பயிற்சிக்கு ஈடாகும். அவற்றை ஓர் உண்மையான வாசகர் காத்திருந்து படிக்கின்றார் அன்றோ?

உறையைப் பழைய நாட்காட்டித் தாளில் செய்யலாம். முகவரிக்கு மட்டும் வெள்ளைத் தாளை ஒட்டுக. மடலின் உள்ளே தமிழில் எழுதுக. உறையின்மேல் முகவரியைத் தேசிய மொழியில், அஞ்சற்காரருக்கு விளங்குமாறு எழுதுக. ஊர்ப்பெயருக்கு முன் ஐந்திலக்க அஞ்சல் எண்ணை மறவாதீர். கிள்ளான் எனின் 41000, பிரிக்பீல்ட்ஸ் எனின் 50470 என்பன போன்றவை அவை. மலாய், சீன நண்பர்களுக்கும் அவர்தம் பெருநாளன்று மடல் செய்து கொடுங்கள். கோலத்தை அவர்களும் விரும்புவர். அவர்தம் கலைவடிவங்களை நாமும் கற்கலாம்.

விரலே முதல் முத்திரை

கிள்ளான் பள்ளத்தாக்கில் நம் தோட்டங்கள் பல மறைந்துவிட்டன. ஷா ஆலாம் நகரம் எழுந்த நிலம் ஒருகாலத்தில் சுங்கை ரெங்கம் தோட்டம். புத்ராஜெயா எழுந்த நிலம் பிராங் பெசார் தோட்டம். ஒரே லயத்தில் சுவரொட்டி வாழ்ந்த குடும்பங்கள் இன்று அடுக்குமாடிகளிலும் வீடமைப்புப் பகுதிகளிலும் சிதறி வாழ்கின்றன. பள்ளிகள் மட்டும் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. நம் மாணவருட் பலர்க்குத் தாத்தாவின் பக்கத்து வீட்டார் இன்று எந்த ஊரில் உள்ளனர் என்பதே தெரியாது. முகவரி தொலைந்தால் உறவும் மெல்லத் தொலையும். மடல் அனுப்ப வேண்டுமாயின் முகவரி கேட்டறிய வேண்டும். கேட்கும்பொழுதே உறவு மீளும்.

சென்ற ஆண்டு நம் மாணவி ஒருத்தி தன் பாட்டிக்கு ஒரு மடல் செய்தாள். பாட்டி பால் வெட்டி ஓய்ந்தவர், எழுத்தறியாதவர். கட்டைவிரலை வண்ணத்தில் தோய்த்து ஐந்துமுறை வட்டமாகப் பதித்து ஒரு மலராக்கி, அதனடியில் தன் பெயரைத் தமிழில் எழுதியிருந்தாள் அச்சிறுமி. பாட்டி அம்மலரைத் தடவிப் பார்த்து, "படிக்கத் தெரியாட்டி என்ன, இது எம் பேத்தி வெரலு" என்றாராம். பின்னர், "நான் நாட்டு வச்சேன், இவ பேரும் எழுதிட்டா" என்று சொல்லி, அம்மடலைச் சாமிப்படத்தருகே வைத்துக்கொண்டார்.

விரல்ரேகை ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆதலின் உலகிலேயே பிறர் வாங்க முடியாத முத்திரை உங்கள் விரலில் உள்ளது. எழுத்தறியாமையின் அடையாளமாக முன்னோர் வைத்த கைநாட்டை, நீங்கள் மலராக்குங்கள். அதன் அடியில் உங்கள் பெயரை நன்றாக எழுதுங்கள். மூன்று தலைமுறை உழைப்பின் பயன் அவ்விரண்டிலும் அடங்கும்.

நாம் மேற்கொள்ள வேண்டியன

இவ்வாண்டுப் பெருநாளுக்கு ஒவ்வொரு மாணவரும் குறைந்தது இரண்டு மடல்கள் செய்ய வேண்டுகின்றோம். ஒன்று, தாத்தா பாட்டிக்கு. மற்றொன்று, முன்பு நம் தோட்டத்தில் வாழ்ந்து வேறிடம் பெயர்ந்த ஒரு குடும்பத்திற்கு. பெற்றோர் முகவரிகளைத் தேடிக் கொடுத்து உதவுக. ஓய்வாக உள்ள பெரியோர் பிள்ளைகளோடு அமர்ந்து, தாம் அறிந்த கோலங்களையும் தோரணம் பின்னும் முறையையும் கற்பித்தருளுக. பதிவு கோணலாயினும், பசை வழிந்தாலும் பிள்ளைகளைக் கடிந்துகொள்ளாதீர்கள். செய்து பழகும் கையே செவ்விய கையாகும்.

மாணவச் செல்வங்களே! அச்சு முறுக்கு சுடும் அன்னையின் கையும், பால் வெட்டிய பாட்டியின் கையும், கோலமிட்ட மூதாட்டியின் கையும் உங்கள் கையில் கூடியுள்ளன. அக்கையால் ஒரு மடல் செய்யுங்கள். தமிழில் இரண்டு வரி எழுதுங்கள். அஞ்சலில் சேருங்கள். விடை மடல் வரும் நாளை ஆவலுடன் எதிர்நோக்குவோம்.

வாழிய நலமே!